நாயின் தோலில் சின்னக் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பது என் வேலை. குளிப்பாட்டும்போதோ தடவிக் கொடுக்கும்போதோ விரலில் ஏதோ தட்டுப்பட்டு, அந்தக் கை காய்வதற்குள் போன் செய்பவர்கள் நிறையப் பேர். கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன, டாக்டர்கள் சொல்லும் பதிலும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. "எங்க டாமிக்கு முதுகுல பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. இப்பவே தூக்கிட்டு ஓடி வரணுமா?"

ஓடி வர வேண்டியதில்லை. ஆனால் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடவும் கூடாது. நாய் வழக்கம்போலச் சாப்பிட்டு, விளையாடி, அந்த இடத்தை நக்காமல் கடிக்காமல் இருந்தால் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். டாக்டர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு இதுதான்: கட்டி 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சின்னதாகவே இருந்தாலும் ஒரு மாதமாகப் போகாமல் இருந்தாலோ, ஊசி குத்திப் பரிசோதித்துவிட வேண்டும். பட்டாணி அளவு என்பது ஏறக்குறைய அந்த 1 செ.மீ.க்குப் பக்கத்தில்தான் வரும். இந்த வாரத்துக்குள் ஒரு நாள் கூட்டி வாருங்கள்.

அன்றைக்கே காட்ட வேண்டியவையும் உண்டு. ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரிய இரட்டிப்பான கட்டி, தொட்டால் சுடுகிற, நாய் வலியில் கத்துகிற கட்டி, உடைந்து ரத்தம் நிற்காமல் வருவது, கட்டியோடு காய்ச்சலும் சோர்வும் சேர்ந்திருப்பது. உடம்பெல்லாம் திடீரென்று தடித்தால் நேராகக் கேள்வி 14-க்குப் போங்கள்.

2. "வயித்துல உண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கு, எவ்வளவு இழுத்தாலும் வர மாட்டேங்குது."

இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். ஆண் நாய் என்றால் அது பெரும்பாலும் முலைக்காம்பு. ஆண் நாய்களுக்கும் இரண்டு வரிசையில் காம்புகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்த அழைப்பு வராத மாதமே இல்லை, பாவம் அந்த நாய்கள். முடியை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உண்ணியாக இருந்தால் தோலை ஒட்டிய பக்கம் குட்டிக் கால்கள் தெரியும். காம்பாக இருந்தால் எதிர்ப்பக்கத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் இன்னொன்று இருக்கும்.

கட்டி என்று நினைத்து நடுங்க வைக்கிற வேறு சில இடங்களும் உண்டு. தலையின் பின்பக்கம் துருத்தும் எலும்பு, நெஞ்செலும்பின் நுனி, கடைசி விலா எலும்பின் முனை எல்லாம் பிறவியிலேயே இருப்பவை. எது தட்டுப்பட்டாலும் முதலில் மறுபக்கம் தடவுங்கள். ஒன்றுபோல இரண்டு பக்கமும் இருந்தால் அது உடலமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு விதிவிலக்கு: தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் இருப்பவை நெறிகள். அவை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வீங்கினால் உடனே டாக்டரிடம் வர வேண்டும்.

3. "உண்ணியை எடுத்துட்டேன். ஆனா அந்த இடத்துல முடிச்சு மாதிரி இருக்கு. தலை உள்ளேயே மாட்டிக்கிச்சா?"

அநேகமாக இல்லை. உண்ணி கடித்த இடத்தில் தோல் தடித்து, சில நாள் முதல் இரண்டு வாரம் வரைகூட ஒரு சின்ன முடிச்சு இருக்கும். வாயின் துணுக்கு உள்ளே தங்கியிருந்தாலும் உடம்பே மெல்ல வெளியே தள்ளிவிடும். ஊசியை வைத்துக் கிளறினால்தான் சீழ் பிடிக்கும்.

அடுத்த முறை எடுக்கும்போது சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, ஒரே சீராக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். அப்புறம் அடுத்த சில வாரங்களுக்கு நாய்க்குக் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, ஈறு வெளுப்பது ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள். முடிச்சை விட உண்ணிக் காய்ச்சல்தான் பெரிய கவலை.

4. "டாக்டர்கிட்ட வர்றதுக்குள்ள வீட்ல என்ன குறிச்சு வைக்கணும்?"

தேதியும் அளவும். வேறு எதை விட்டாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள். "முன்னைவிடக் கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு" என்பதை வைத்து டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. "5-ஆம் தேதி 6 மி.மீ., 26-ஆம் தேதி 9 மி.மீ." என்றால் அவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

முடியைத் தண்ணீர் தொட்டு இரண்டு பக்கமும் படிய வைத்து, கட்டியை வெளியே தெரியச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். நீளம், அகலம் இரண்டையும் அளக்க வேண்டும். கட்டியை அழுத்தாமல் அளங்கள், அழுத்தினால் அகலம் கூடிவிடும். அப்புறம் தோலை மெதுவாகக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கட்டி தோலோடு சேர்ந்து வருகிறதா, அடியில் சதையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறதா என்று எழுதுங்கள். கடைசியாக நாயின் உருவத்தைக் கோட்டுப் படமாக வரைந்து, எந்த இடம் என்று புள்ளி வையுங்கள். முடி அடர்ந்த நாய்களில், மருத்துவமனைக்கு வந்த பிறகு கட்டியைத் தேடியே கால் மணி நேரம் போவதைப் பார்த்திருக்கிறேன்.

5. "மெத்துனு இருக்கு, தொட்டா வழுக்கிக்கிட்டு நகருது. கொழுப்புக் கட்டிதானே?"

இருக்கலாம். நடுவயதைத் தாண்டிய நாய்களுக்குக் கொழுப்புக் கட்டி சகஜம், பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒரு வகைத் தோல் புற்று இருக்கிறது. அது தோலுக்கு அடியில் வந்தால் கைக்கு அச்சுஅசல் கொழுப்புக் கட்டியாகவே படும். மெத்தென்று இருக்கும், நகரும், வலிக்காது. அனுபவமுள்ள டாக்டராலும் விரலை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

"தொட்டுப் பார்த்தேன், கொழுப்புதான்" என்று யாராவது சொன்னால், "ஊசி குத்திப் பார்த்துவிடலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

6. "ஊசி குத்தணும்னா மயக்கம் குடுப்பீங்களா? ரொம்ப வலிக்குமா?"

பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது. தடுப்பூசிக்குப் பயன்படும் அளவு மெல்லிய ஊசிதான். ஒருவர் நாயின் தலையைப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, டாக்டர் கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் நிறுத்தி, ஊசியை உள்ளே விட்டு, சற்றுத் திசை மாற்றி இரண்டு மூன்று முறை குத்துவார். ஊசிக்குள் ஏறிய துளியைக் கண்ணாடித் தகட்டில் பீச்சி, இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்பி, காயவைத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கொழுப்புக் கட்டி என்றால் தகட்டைப் பார்த்தாலே ஒரு யூகம் வந்துவிடும். எண்ணெய் பட்டதுபோல மினுங்கும், எவ்வளவு ஆட்டினாலும் காயாது. மாஸ்ட் செல் என்றால் செல்லுக்குள் ஊதா நிறப் பொடி தூவியது போலக் குருணைகள் தெரியும்.

கண் இமை, வாய், விரலிடுக்கு மாதிரியான இடங்களிலும், யாரையும் கிட்ட விடாத நாய்களுக்கும் லேசான மயக்கம் கொடுப்பது உண்டு. மற்ற நாய்கள் பல, குத்தியது தெரியாமலே நிற்கும். கூட வந்தவர்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

7. "ஊசி குத்துனா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே?"

தோல் கட்டிகளில் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். சிறுநீர்ப்பைக் கட்டி போன்ற சில உள்ளுறுப்புக் கட்டிகளில் டாக்டர்களே ஊசி குத்தத் தயங்குவார்கள். அங்கிருந்து கிளம்பிய பேச்சு எல்லாக் கட்டிக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊசி குத்தாமல், என்னவென்றே தெரியாமல் ஆறு மாதம் வளர விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

8. "ரிப்போர்ட்ல 'முடிவு சொல்ல இயலவில்லை'னு வந்திருக்கு. அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

இல்லை. போதுமான செல்கள் ஊசியில் வரவில்லை என்றுதான் அர்த்தம். சில வகைக் கட்டிகள் செல்களை எளிதில் விடாது, சிலவற்றில் வெறும் ரத்தம்தான் வரும். இன்னொரு முறை குத்திப் பார்ப்பார்கள், அல்லது கட்டியின் ஒரு துண்டையோ முழுவதையுமோ வெட்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். எது நல்லது என்பது இடத்தையும் அளவையும் பொறுத்தது.

9. "ஒரு வயசுக் குட்டி. காதுல சிவப்பா, வழவழன்னு, முடியே இல்லாம ஒண்ணு ரெண்டே வாரத்துல வந்துடுச்சு."

இந்த வர்ணனையைக் கேட்டதும் டாக்டர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹிஸ்டியோசைட்டோமா. பெயர் பயமுறுத்தினாலும் ஆள் சாது. பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களுக்கு, தலை, காது, கால்களில் வரும். மளமளவென்று வளரும், சில சமயம் மேலே புண்ணாகும், பிறகு இரண்டு மூன்று மாதத்தில் தானே சுருங்கி மறைந்துவிடும்.

அதற்காக, படம் பார்த்து நீங்களே பெயர் வைத்துவிட வேண்டாம். மாஸ்ட் செல் கட்டியும் இதே வேஷத்தில் வரும். கேள்வி 6-இல் சொன்ன ஊசிப் பரிசோதனையிலேயே இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். ஹிஸ்டியோசைட்டோமா என்று உறுதியானால் ஸ்டீராய்டு களிம்பு எதுவும் தடவாதீர்கள். கட்டியைக் கரைப்பது நாயின் சொந்த எதிர்ப்புச் சக்திதான், ஸ்டீராய்டு அதைத்தான் மட்டுப்படுத்தும்.

10. "உதட்டுலயும் வாய்க்குள்ளயும் கொத்துக் கொத்தா மரு. எங்களுக்கும் ஒட்டிக்குமா? வீட்ல சின்னக் குழந்தை இருக்கு."

உங்களுக்கு ஒட்டாது, குழந்தைக்கும் ஒட்டாது. இளம் நாய்களுக்கு ஒருவகை வைரஸால் வருவது இது, நாயிலிருந்து நாய்க்கு மட்டுமே தொற்றும். தண்ணீர்க் கிண்ணம், கடித்து விளையாடும் பொருள்கள் வழியாகப் போகும் என்பதால் மரு உதிரும் வரை மற்ற நாய்களோடு சேர்க்காதீர்கள். தொற்றியதற்கும் மரு தெரிவதற்கும் நடுவில் ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். வந்தது சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் தானே உதிரும். வாய் நிறைந்துபோய் மெல்ல முடியாமல், விழுங்க முடியாமல் தவித்தால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மனிதர்களுக்கு ஒட்டுவது படர்தாமரை. அது கட்டியாக இருக்காது. வட்டமாக முடி கொட்டி, செதில் உதிரும். சந்தேகம் இருந்தால் குழந்தையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து காட்டுங்கள்.

11. "அழுத்துனா வெள்ளையா, கெட்டியா என்னமோ வருது. மொத்தமா பிதுக்கி எடுத்துடலாமா?"

கை துறுதுறுக்கும், தெரியும். வேண்டாம். மயிர்க்கால் அடைத்து உண்டாகும் பைக்கட்டி அது. பிதுக்கும்போது வெளியே வருவதைப் போலவே, பை கிழிந்து உள்ளேயும் கொட்டும். உள்ளே கொட்டியதை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போட, அந்த இடமே சிவந்து வீங்கி வலிக்கும். பை உள்ளேயே இருப்பதால் சில வாரங்களில் மறுபடி நிரம்பவும் செய்யும்.

தானாக உடைந்துவிட்டால் சலைனால் துடைத்து, நக்க விடாமல் கழுத்துக்குக் கூம்புக் காலர் போடுங்கள். மறுநாள் காட்டினால் போதும்.

12. "எங்களுக்கு வாங்குன களிம்பு மீதி இருக்கு. அதையே கொஞ்சம் தடவலாமா?"

நாய் நக்கும். தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும் என்று நினைத்துக்கொண்டுதான் எதையும் தடவ வேண்டும். சோரியாசிஸுக்குக் கொடுக்கும் கால்சிபோட்ரையால் களிம்பும், ஃபுளோரோயுராசில் களிம்பும் கொஞ்சம் உள்ளே போனாலே நாயின் உயிருக்கு ஆபத்து. துத்தநாகக் களிம்பு வயிற்றைக் கெடுக்கும், நிறையப் போனால் ரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கும். டீ ட்ரீ எண்ணெயும் நச்சு. மரு உதிர்க்கும் அமில மருந்து தோலைப் பொசுக்கிவிடும். வலிக்கிறதே என்று ஐபுபுரூஃபனோ பாராசிட்டமாலோ கொடுத்துவிடாதீர்கள், இரண்டாலும் நாய்களுக்கு விஷத்தன்மை ஏற்பட்ட சம்பவங்கள் ஏராளம்.

ஸ்டீராய்டு மாத்திரை விஷயம் வேறு. அது சில கெட்ட கட்டிகளைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். கட்டி குறைந்ததாக நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், பரிசோதனையிலும் குழப்பமான முடிவு வரும். முதலில் ஊசி, அப்புறம் மருந்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருவின் அடியில் நூல் கட்டலாமா என்றும் சேர்த்தே கேட்பார்கள். கூடாது. வலி, சீழ், அதற்கு மேல் பரிசோதிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போவது, இவ்வளவுதான் கிடைக்கும்.

13. "ஒரு நாள் பெருசா இருக்கு, ரெண்டு நாள்ல சின்னதாகிடுது. குறையுதுன்னா நல்லதுதானே?"

எங்கள் டாக்டர்களுக்கு அதிகக் கவலை தருகிற வர்ணனையே இதுதான். மாஸ்ட் செல்களுக்குள் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் குருணைகளாக இருக்கும். கட்டியைத் தேய்த்தாலோ, இடித்துக்கொண்டாலோ அவை வெளியே கொட்டி, அந்த இடம் சிவந்து வீங்கும். அப்புறம் வடியும். அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம். இப்படி ஒரு கட்டி இருந்தால் அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள். அதோடு வாந்தியோ கறுப்பு மலமோ சேர்ந்தால் உடனே கூட்டி வாருங்கள், அந்தப் பொருள்கள் வயிற்றையும் புண்ணாக்கும். எந்த நாய்க்கும் வரலாம் என்றாலும் பாக்ஸர், பக், பாஸ்டன் டெரியர், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகைகளில் கூடுதலாகப் பார்க்கிறார்கள்.

சின்னதாக இருக்கும்போதே ஏன் அவசரப்படுத்துகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தக் கட்டியை எடுக்கும்போது சுற்றிலும் 2 செ.மீ. வரை நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவது வழக்கம். 1 செ.மீ. கட்டி என்றால் 5 செ.மீ. அகலம் போகும். முதுகில் அது பெரிய விஷயமில்லை, தோல் தாராளமாக இருக்கிறது. முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? கட்டி 3 செ.மீ. ஆன பிறகு வந்தால் 7 செ.மீ. வேண்டும். காலில் வந்த கட்டிக்கு ஒரு மாதம் முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதே சிகிச்சையை மாற்றிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து முழுதாக எடுத்துவிட்டால், வீரியம் குறைந்த மாஸ்ட் செல் கட்டிகள் பல அதோடு தீர்ந்துவிடும். பெயரைக் கேட்டதும் இடிந்து போக வேண்டாம்.

14. "திடீர்னு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துடுச்சு. மூஞ்சியும் வீங்குது!"

இது ஒவ்வாமை. பூச்சிக் கடி, தடுப்பூசி, புதிய மருந்து என்று ஏதோ ஒன்றுக்கு உடம்பு கொதித்து எழுந்திருக்கிறது. தடிப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும், ஆனாலும் உடனே போன் செய்யுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, ஈறு வெளுப்பது, தள்ளாடுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் போன்கூட வேண்டாம், நேராகக் கிளம்புங்கள்.

வீட்டில் இருக்கும் ஒவ்வாமை மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சளி மருந்தோடு கலந்து விற்பவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கலாம், அது நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓட வைக்கும்.

15. "பொட்டை நாய், கருத்தடை பண்ணலை. காம்புக்குப் பக்கத்துல மிளகு அளவுதான் இருக்கு."

மிளகு அளவாக இருந்தாலும், இதற்கு மட்டும் கேள்வி 1-இல் சொன்ன ஒரு மாதக் கணக்கு கிடையாது. கருத்தடை செய்யாத பெண் நாய்களின் மடிக் கட்டிகளில் பாதி வரை கெட்டவையாக இருக்கலாம். ஊசிப் பரிசோதனை இங்கே அவ்வளவு தெளிவாகச் சொல்லாது, எடுத்துவிட்டுப் பரிசோதிப்பதே வழக்கம். 1 செ.மீ.க்குள் இருக்கும்போது வருகிறவர்களுக்கு விளைவு நன்றாக இருக்கிறது. ஒன்று கண்டால் இரண்டு வரிசைக் காம்புகளையும் முழுதாகத் தடவிப் பாருங்கள்.

16. "விரலிடுக்குல கட்டி வருது, உடையுது, போகுது, திரும்ப வருது."

பெரும்பாலும் மயிர்க்கால் உள்ளே உடைந்து சீழ் பிடிக்கிறது. அல்லது புல் விதை குத்தி உள்ளே உட்கார்ந்திருக்கும். அரிப்பு, உடல் பருமன், கால் வைக்கும் விதம் என்று அடியில் ஒரு காரணம் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் மாத்திரை தீர்ந்ததும் கட்டி திரும்பும். நகத்தின் அடியில் வீங்கி நகம் ஆடினால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நகத்தடியில் கெட்ட கட்டிகள் வருவதுண்டு, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

17. "பன்னிரண்டு வயசாகுது. இனிமே எதுக்கு ஆபரேஷன், இருக்கிற வரைக்கும் இருக்கட்டுமே?"

வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று எங்கள் டாக்டர்கள் சொல்வதில்லை. ரத்தப் பரிசோதனை, இதயம், சிறுநீரகம் சரியாக இருந்தால் மயக்க மருந்தை வயதான நாய்களும் தாங்குகின்றன. சில சின்னக் கட்டிகளை லேசான மயக்கமும், அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசியும் போட்டே எடுத்துவிடுவார்கள். மறுபக்கம், கொழுப்புக் கட்டி என்று உறுதியாகி, நடப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் இளம் நாய்க்கும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். "எடுக்க வேண்டாம்" என்பது நல்ல முடிவாக இருக்கலாம், என்ன கட்டி என்று தெரிந்த பிறகு.

18. "எடுத்தாச்சு, போயாச்சு. அதை லேபுக்கு வேற அனுப்பணுமா?"

அனுப்புங்கள். ஊசிப் பரிசோதனை கட்டியின் வகையைச் சொல்லும். ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா, எவ்வளவு வீரியம் என்பதைத் துண்டை வெட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஓரம் சுத்தமாக இல்லை என்றால் அடுத்த நடவடிக்கையை இப்போதே எடுக்கலாம்.

19. "போன வருஷம் ஊசி குத்தி கொழுப்புக் கட்டின்னு சொன்னீங்க. இப்ப பக்கத்துலயே இன்னொண்ணு. இதுவும் அதேதானே, மறுபடியும் குத்தணுமா?"

குத்த வேண்டும். பழைய கட்டியின் ரிப்போர்ட் பழைய கட்டிக்கு மட்டும்தான். நான்கு கொழுப்புக் கட்டி உள்ள நாய்க்கு ஐந்தாவதாக வருவது மாஸ்ட் செல்லாக இருக்கலாம், கைக்கு வித்தியாசம் தெரியாது என்று கேள்வி 5-இலேயே பார்த்தோம். பழையதே திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியானாலோ அதையும் மறுபடி குத்திப் பார்ப்பார்கள்.

நிறையக் கட்டி உள்ள நாய் என்றால் கேள்வி 4-இல் சொன்ன கோட்டுப் படத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எது எப்போது குத்தப்பட்டது, என்ன முடிவு என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, மூக்கிலிருந்து வால் வரை தடவும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும். டாக்டரிடம் வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள், படத்தை போனில் எடுத்து வைத்திருந்தாலும் போதும்.